1912-ன் இரண்டாவது கூஜா

செஃப்டன் வீட்டிலிருந்து பதினோரு அட்டைப்பெட்டிகள் விட்லோ ஊர் வரலாற்றுச் சங்கத்துக்கு வந்து இறங்கியது 1986 ஆகஸ்ட் ஐந்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை. மெர்ல் ஹாக்கெட் அதை அன்றைக்கே பதிவேட்டில் ஏற்றினார். "பெட்டிகள் 11. உள்ளே பீங்கான். நிலை: அழுக்கு." முப்பத்தெட்டு வருஷம் செஃப்டன் பீங்கான் ஆலையில் தரம் பார்த்தவருடைய கையெழுத்து அது. ஒரு எழுத்து மேலே ஏறாது, ஒன்று கீழே இறங்காது. ஆலையை மூடி ஆறு வருஷமாகியும், ஒரு தட்டைக் கையில் எடுத்தால் விரலால் சுண்டிப் பார்க்காமல் அவரால் கீழே வைக்க முடியாது.

சங்கத்தில் அவருக்குச் சம்பளம் கிடையாது. வரும் சாமானைக் கழுவுவது, அளப்பது, ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை எழுதுவது அவர் வேலை. அந்த வருஷம் வேலை அதிகம். செப்டம்பர் முதல் திங்கட்கிழமை, அமெரிக்காவின் தொழிலாளர் தினத்தன்று, சங்கத்தில் ஒரு கண்காட்சி. ஊரின் கூஜாக்களையும் ஊரின் பந்துவீச்சாளர்களையும் ஒன்றாக வைத்துக் காட்டுவது என்று சங்கத் தலைவி க்வென் ஓக்ஸ் முடிவு செய்திருந்தார்.

இரண்டும் விட்லோவில் ஒட்டிப் பிறந்தவைதான். 1894 முதல் 1931 வரை தொழிலாளர் தினத்தன்று ஆலையின் பேஸ்பால் அணியும் ஆற்றுக்கு அக்கரை மேற்கு வர்ஜீனியா அணியும் மோதும். நம் அணி ஜெயித்தால் பந்து வீசியவனுக்கு ஆலை ஒரு வெள்ளைக் கூஜா கொடுக்கும். அரை அடிக்குச் சற்று மேல் உயரம், மூக்கு வைத்தது, பெரிய கைப்பிடி. வயிற்றில் அவன் பேரும் ஆட்டக் கணக்கும் தங்க எழுத்தில் இருக்கும். வாங்கியவர்கள் அதில் பால் ஊற்றினார்கள், பூ வைத்தார்கள். ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாகப் பொய்ப்பல் வைத்திருந்தது. இருபத்து மூன்று கூஜாக்கள் சங்கத்தின் அலமாரிக்கு வந்து சேர்ந்திருந்தன. அதில் 1912-ன் கூஜா கிளைட் செஃப்டனுடையது. ஆலை முதலாளியின் மகன். ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸும் தனியாளாக வீசி, அக்கரைக்காரர்களை ஒரு ரன்கூட எடுக்க விடாதவன். பத்திரிகை அப்படித்தான் எழுதியது. மைதானத்துக்கு அவன் பேர்தான்.

பார்டோல் குடும்பம் மட்டும் வேறு மாதிரி சொல்லும். ஐந்தாவது இன்னிங்ஸில் கிளைடின் விரல் பிளந்துவிட்டது, அவன் கையைத் துணியில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான், சூளையிலிருந்து சரக்கு இறக்கும் ஆன்டன் பார்டோல் கூட்டத்திலிருந்து இறங்கி மீதி ஆட்டம் முழுக்க வீசினான் என்பார்கள். சூளைக்காரர்கள் ஆலையின் வர்ணம் தீட்டும் பிரிவில் சொல்லி அவனுக்கும் ஒரு கூஜாவில் பேர் எழுத வைத்தார்களாம். சூளையில் வைப்பதற்குள் ஆபீஸிலிருந்து ஆள் வந்து, நாங்களே சுட்டுக் கொடுக்கிறோம் என்று வாங்கிப் போனார்களாம். மலைமேல் முதலாளி வீட்டுக்குப் போன கூஜா திரும்பி இறங்கவே இல்லையாம்.

இந்த "ஆம்"களைத்தான் ஊர் பிடித்துக்கொண்டது. விட்லோவில் யாராவது நான் பிடித்த மீன் இத்தனை நீளம் என்று கையை விரித்தால், "அஞ்சாவது இன்னிங்ஸ்ல இறங்கிப் பிடிச்சியா?" என்று கேட்பார்கள். மெர்லும் கேட்டிருக்கிறார். 1949-ல், ஆலையின் சாப்பாட்டு அறையில், ஐம்பத்தொன்பது வயது ஆன்டனின் முகத்துக்கு நேராகவே கேட்டார். "என்ன ஆன்டன், கூஜா மலையிலேருந்து இறங்கிடுச்சா? இல்ல, இறங்கறதுக்கு இன்னும் காலைத் தேடிட்டிருக்கா?" மேஜையெல்லாம் சிரித்தது. மெர்லுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. ஆன்டன் தலை நிமிராமல் ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து பெஞ்சில் அவர் மகன் ஃப்ராங்க் இருந்தான்.

ஆகஸ்ட் பதினான்காம் தேதி, வியாழக்கிழமை முற்பகல், மெர்ல் ஒன்பதாவது பெட்டியைப் பிரித்தார்.

அடியில், பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி, ஒரு கூஜா இருந்தது. செஃப்டன் வீட்டுச் சமையலறையில் அடுப்புப் பக்கம் கரண்டி போட்டு வைத்திருந்தார்கள் போலும். கரியும் கொழுப்பும் சேர்ந்து தார் மாதிரி படிந்திருந்தன. உருவத்தைப் பார்த்தவுடனேயே பரிசுக் கூஜா என்று தெரிந்துவிட்டது. உலர்ந்த துணியால் மேலாகத் துடைத்தார். பழுப்பு நிறத்தில் எழுத்து தெரிந்தது.

ஆன்டன் பார்டோல்.

மெர்ல் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். மறுபடி துடைத்தார். பேருக்குக் கீழே இரண்டாவது வரி: ஐந்தாவது இன்னிங்ஸ் முதல் ஒன்பதாவது வரை. அதற்கும் கீழே மூன்றாவது வரி ஒன்று இருந்தது. அங்கே அழுக்கு தடிமனாக இருந்ததால் துணிக்கு மசியவில்லை. முதல் எழுத்துகூடப் பிடிபடவில்லை.

அந்த மூன்றாவது வரியைப் படித்தே ஆகவேண்டும். எப்போதும் செய்வதைத்தான் செய்தார். தொட்டியில் வெதுவெதுப்பாக வெந்நீர், இரண்டு கரண்டி வாஷிங் சோடா, பத்து நிமிடம் ஊறல். கூஜாவை அதில் இறக்கிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, அட்டை எழுத உட்கார்ந்தார். உயரம் எழுதினார். வாயகலம் எழுதினார். எட்டு நிமிடம் ஆகியிருந்தபோது பேனா நின்றது.

தங்கம் ஏன் பழுப்பாக இருந்தது?

இதை விட்லோவில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். கூஜாவில் தடவும்போது தங்கம் பழுப்புதான். வர்ணச் சூளைக்குள் போய் வந்தால்தான் அது மஞ்சளாகி மின்னும், பீங்கானைப் பிடிக்கும். அதுவரை வெறும் பூச்சு. பழுப்பைப் பார்த்தால் கட்டைவிரலைக்கூட வைக்காதே என்று புதிதாக வேலைக்கு வரும் பெண்களிடம் முப்பத்தெட்டு வருஷம் கத்தியவர் மெர்ல் ஹாக்கெட்.

ஓடிப்போய்த் தூக்கினார். தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. கூஜா வெள்ளை வெளேரென்று, அன்றைக்குத்தான் செய்தது போலச் சொட்டிக்கொண்டு வந்தது. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஒரு கோடுகூட இல்லை.

அந்த நேரத்தில் அவர் மனசுக்குள் ஏதோ ஒன்று லேசானது. ஒரு கணம்தான் இருக்கும். இனி 1949-ஐப் பற்றி யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம் என்பது போன்ற ஒரு லேசு. கூஜா போனதைவிட அந்த ஒரு கணம்தான் பின்னால் அவரை விடாமல் அரித்தது.

வாசலில் க்வென் குரல் கேட்டது. மெர்ல் தொட்டியின் அடைப்பைப் பிடுங்கினார். டீ நிறத் தண்ணீர் சுழன்று இறங்கிப் போயிற்று.

"என்ன மெர்ல், வேர்த்து ஊத்துது? புதையல் ஏதாவது கிடைச்சுதா?"

"ஒண்ணுமில்ல. வெறும் கூஜா. பேர் எழுதாதது."

"பாவம், ஜெயிக்காத வருஷத்துதா இருக்கும். பின்னாடி வச்சிடுங்க."

அட்டையில் எழுதினார்: "கூஜா. வெள்ளை. அலங்காரம் இல்லை." அந்தக் கையெழுத்திலும் ஒரு எழுத்து ஏறவில்லை, இறங்கவில்லை.

அடுத்த வியாழன் ஃப்ராங்க் பார்டோல் வந்தார். எழுபது வயது, சூளைக்காரர்களுக்கு உரிய சாய்ந்த தோள். வருஷா வருஷம் தொழிலாளர் தினத்துக்கு முன்னால் சங்கத்துக்கு வந்து, மகள் ரோசலி செய்த வால்நட் ரொட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டு, அப்பா பேரை எங்கேயாவது ஒரு மூலையில் சேர்க்க முடியுமா என்று கேட்டுவிட்டுப் போவார். க்வென் வருஷா வருஷம் ரொட்டியை வாங்கிக்கொண்டு, ஆதாரம் இல்லாமல் முடியாதே என்பார். அன்றைக்கு க்வென் இல்லை.

"நீ மட்டும்தானா? சரி, ரொட்டிய நீயே தின்னு. ஒல்லியாயிட்டே," என்று ஃப்ராங்க் பொட்டலத்தை மேஜையில் வைத்தார். "செஃப்டன் வீட்டுப் பெட்டியெல்லாம் வந்திருக்காமே?"

"வந்திருக்கு."

"எல்லாத்தையும் பிரிச்சாச்சா?"

"பதினொண்ணும் பிரிச்சாச்சு."

ஃப்ராங்க் தொப்பியைக் கழற்றி மடிமீது வைத்துக்கொண்டார். "சுத்தி வளைக்காம கேட்டுடறேன். எங்கப்பா கூஜா அதுல இருந்துச்சா?"

பின்னாலிருந்த அலமாரியில், இரண்டாவது தட்டில், சாஸ் கிண்ணங்களுக்கு நடுவில் அது உட்கார்ந்திருந்தது. மெர்ல் திரும்பிப் பார்க்கவில்லை.

"உங்கப்பா பேரோட எதுவும் இல்ல, ஃப்ராங்க்."

சொன்னது வார்த்தைக்கு வார்த்தை உண்மை. அதுதான் அதிலிருந்த அசிங்கம்.

ஃப்ராங்க் கொஞ்ச நேரம் தொப்பியின் விளிம்பைச் சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். "போகட்டும். அந்த வீடு காலியானா தெரிஞ்சுடும்னு முப்பது வருஷமா காத்திருந்தேன். தெரிஞ்சுபோச்சு. உனக்கு ஒண்ணு சொல்லட்டுமா? கொஞ்ச நாளா எனக்கே சந்தேகந்தான். எங்கப்பா வாய் கொஞ்சம் நீளம். சின்ன வயசுல ஓநாயோட சண்டை போட்டேன்னும் சொல்லியிருக்காரு."

"அப்படிச் சொல்லாதே."

"நீ சொல்றியா இத? ஊர்லயே அதிகமா சிரிச்சவன் நீதானப்பா!" ஃப்ராங்க் அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். அதில் கோபம் இல்லை. "சர்ச்சோட நூறாவது வருஷ மலருக்கு ரோசலி எங்க குடும்பக் கதைய எழுதிட்டிருக்கா. அந்த ஆட்டத்த எடுத்துடச் சொல்லிடறேன். பேரப்பசங்களும் பள்ளிக்கூடத்துல சொல்லி அடி வாங்க வேணாம். உன்னாலதான் முடிவாச்சு. தேங்க்ஸ், மெர்ல்."

அவர் போனபின் மெர்ல் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. தன் அப்பா பொய்யர் என்று ஒரு மனிதன் தன்னிடம் வந்து ஒப்புக்கொண்டு, அதற்கு நன்றியும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். காது நுனி வரை சுட்டது.

சனிக்கிழமை காலை கூஜாவைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஹேசல் டன்னிக்ளிஃப் வீட்டுக்குப் போனார். ஹேசல் வர்ணப் பிரிவில் நாற்பது வருஷம் தங்க எழுத்து எழுதியவர். இப்போதும் வீட்டுக்கு அடியிலுள்ள அறையில் சின்ன மின்சூளை வைத்து, கல்யாணத் தட்டுகளுக்குப் பேர் எழுதிக் கொடுக்கிறார்.

"இதுல ரெண்டு வரி எழுதணும்," என்றார் மெர்ல். "பழைய மாதிரி. 1912-ல எழுதின மாதிரி."

"1912-ல எழுதினவ எங்க அத்தை. என்ன எழுதணும்?"

மெர்ல் ஒரு துண்டுத் தாளை நீட்டினார். ஹேசல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். கூஜாவைப் பார்த்தார். பிறகு மெர்லைப் பார்த்தார்.

"இது கற்பனையா எழுதினது இல்ல. எங்கியோ பார்த்து எழுதினது. எங்க பார்த்தே?"

மெர்லின் கண் கூஜாவுக்குப் போயிற்று.

"மெர்ல் ஹாக்கெட், இந்தக் கூஜாவிலயே பார்த்தியா?"

"ஆமா."

"பழுப்பாவா இருந்துச்சு?"

"ஆமா."

"பழுப்பா இருந்ததைக் கழுவினியா? நீயா?" ஹேசலுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஒரு எழுத்துல விரல் பட்டுச்சுன்னு, புதுசா வேலைக்கு வந்த லோரெட்டாவ ஒரு நாள் முழுக்க அழ வச்சியேப்பா நீ!" பிறகு அவர் முகத்தைப் பார்த்து, சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று. "வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. ஃப்ராங்க் வந்து கேட்டான். இல்லைன்னுட்டேன்."

ஹேசல் தாளை மேஜைமேல் வைத்து, கையால் நீவினார். "எழுதித் தரலாம். கை இன்னும் நடுங்கல. சுட்டா பளபளன்னு வரும். யாராவது எடுத்துப் பார்ப்பாங்க. இது புதுசுன்னு முதல்ல எவன் சொல்லுவான்? தரம் பார்க்கிறவன் சொல்லுவான். அது நீதான். உன்னையே நீ ஏமாத்திக்குவியா?" தாளை மடித்து அவர் சட்டைப்பையில் செருகினார். "அப்பறம் மூணாவது வரி? எப்பவும் மூணு வரி எழுதறதுதானே வழக்கம்?"

"இருந்துச்சு. படிக்கல. அதைப் படிக்கத்தான் தொட்டியில போட்டேன்."

"அட கடவுளே," என்றார் ஹேசல், மெதுவாக.

அங்கிருந்து நேராக ஃப்ராங்க் வீட்டுக்குப் போனார். காரை நிறுத்திவிட்டு உள்ளேயே ஏழு நிமிடம் உட்கார்ந்திருந்தார். கடிகாரம் பார்க்கும் வழக்கம் விடவில்லை. ஃப்ராங்க் தோட்டத்தில் தக்காளிச் செடிகளுக்குக் கோல் கட்டிக்கொண்டிருந்தார். துண்டில் சுற்றியதைப் பார்த்து, "என்னது, ரொட்டியத் திருப்பிக் கொடுக்க வந்தியா?" என்றார்.

மெர்ல் நின்றபடியே சொன்னார். ஒன்பதாவது பெட்டி, உலர்ந்த துணி, பேர், இரண்டாவது வரி, சோடா, எட்டு நிமிடம். வியாழக்கிழமை தான் சொன்னது பொய் என்றும் சொன்னார். மனசு லேசான அந்த ஒரு கணத்தைச் சொல்ல வாயெடுத்தார். வரவில்லை. விழுங்கிக்கொண்டார்.

ஃப்ராங்க் கூஜாவை வாங்கவில்லை. கையில் மண். துண்டை விலக்கிப் பார்க்காமல், அந்த மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேரு முழுசா இருந்துச்சா? இல்ல வெறும் ஏ. பார்டோலா?"

"முழுசா. ஆன்டன் பார்டோல்."

"எழுத்துக்கூட்டு சரியா இருந்துச்சா? சம்பளப் புத்தகத்துல எப்பவும் தப்பா எழுதுவாங்க."

"சரியா இருந்துச்சு."

"அடுத்த வரி?"

"ஐந்தாவது இன்னிங்ஸ் முதல் ஒன்பதாவது வரை."

"அதுக்கடுத்து?"

"மூணாவது வரி இருந்துச்சு. என்னன்னு எனக்குத் தெரியாது, ஃப்ராங்க். அழுக்குக்கு அடியில இருந்துச்சு. யாருக்கும் இனிமே தெரியாது."

ஃப்ராங்க் ஒரு தக்காளிச் செடியைப் பிடித்துக்கொண்டார். கோல் சாய்ந்தது. நிமிர்த்தவில்லை.

"அவரு சாகறப்ப நாந்தான் பக்கத்துல இருந்தேன்," என்றார். "என்ன சொன்னாரு தெரியுமா? அந்த ஆட்டம் நடந்துச்சுடா, ஃப்ராங்கி. அதுதான். அப்பவும் அதையேதான் சொன்னாரு. நான், சரிப்பா, சரிப்பான்னேன். நம்பாமலே சொன்னேன்." முகத்தைத் துடைத்ததில் கன்னத்தில் மண் ஒட்டிக்கொண்டது. "இப்ப எங்கிட்ட வந்து சொல்றே. எங்களுக்குள்ள சொல்லிக்க நாங்க இருக்கோம்ப்பா. எழுவது வருஷமா அதத்தானே செய்யறோம். சிரிச்சவங்க இருக்காங்களே, அவங்ககிட்ட போய்ச் சொல்லு."

"கண்காட்சி அன்னிக்குச் சொல்றேன்."

"எல்லாத்தையும் சொல்லு. கழுவினதையும் சொல்லு. எங்கிட்ட இல்லேன்னதையும் சொல்லு. இப்பப் போயிடு, மெர்ல். என் கையில கோல் இருக்கு."

க்வென் ஒப்புக்கொள்ளவில்லை. "செஃப்டன் குடும்பத்துலேருந்து க்ளீவ்லாந்துக்காரங்க வர்றாங்க. அவங்கதான் ரிப்பன் வெட்டறாங்க. அவங்க கொடுத்த பெட்டியிலேருந்தே அவங்க தாத்தா மேல புகார் கொடுப்பீங்களா? அதுவும் கையில ஒரு சாட்சியும் இல்லாம?" மெர்ல் கூஜாவைக் கொண்டுவந்து அவர் மேஜைமேல் வைத்தார். க்வென் இறங்கி வந்தார். "சரி. சின்னதா ஒரு அட்டை வச்சிடலாம். எழுத்துகள் காலப்போக்கில் மறைந்துவிட்டனன்னு போட்டுடலாம். உங்களுக்கும் மரியாதை போகாது."

"காலம் ஒண்ணும் பண்ணல, மேடம். எழுவத்தினாலு வருஷம் பத்திரமா வச்சிருந்துச்சு. எட்டு நிமிஷத்துல நாந்தான் அழிச்சேன்."

செப்டம்பர் ஒன்றாம் தேதி பிற்பகல் இரண்டு மணிக்குச் சங்கத்தின் கூடம் நிறைந்தது. பாதிப்பேர் பழைய ஆலைக்காரர்கள். வந்தவர்கள் ஒவ்வொருவரும் அலமாரிக் கண்ணாடிக்குள் குனிந்து, மெருகு வெடித்திருக்கிறதா, கைப்பிடி கோணியிருக்கிறதா என்று பார்த்துக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கூஜாவுக்கும் பின்னால் அதை வாங்கிய வீச்சாளரின் படம், ஒட்டச் சீவிய தலைமுடியும் முறைப்புமாக. க்ளீவ்லாந்திலிருந்து வந்த திருமதி செஃப்டன் ரிப்பனை வெட்டினார். கைதட்டல் அடங்குமுன் மெர்ல் அந்த வெள்ளைக் கூஜாவை எடுத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றார். மற்றொரு கையில் தாள். எழுதிக் கொண்டு வராவிட்டால் பாதியை விட்டுவிடுவோம் என்ற பயம்.

தேதி வாரியாகப் படித்தார். பதினான்காம் தேதி கண்டது, பதினான்காம் தேதி கழுவியது, அதே பதினான்காம் தேதி அட்டையில் எழுதிய பொய், இருபத்தோராம் தேதி ஃப்ராங்க் பார்டோலிடம் சொன்ன பொய். கடைசியில், தாளில் இல்லாத ஒன்றையும் சொன்னார். "எழுத்து போயிடுச்சுன்னு தெரிஞ்சப்ப ஒரு நிமிஷம் எனக்கு நிம்மதியா இருந்துச்சு. நான் அவங்கப்பாவ மூஞ்சிக்கு நேரா கிண்டல் பண்ணவன். அது வெளியில வராதுன்னு நிம்மதி. அதையும் சொல்லிடணும்."

திருமதி செஃப்டன்தான் முதலில் பேசினார், மிகவும் இனிமையாக. "கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுக்குச் சாட்சின்னு ஏதாவது இருக்கா?"

"இல்லீங்க. நாந்தான் கழுவிட்டேனே."

"அப்ப உங்க வார்த்தை மட்டுந்தான்."

"என் வார்த்தை மட்டுந்தான்."

பின்வரிசையிலிருந்து முடிதிருத்தும் லீராய் எழுந்தார். அவரும் ஒரு காலத்தில் ஆலைதான். "ஏம்ப்பா மெர்ல், பழுப்பைப் பார்த்தும் தொட்டியில போட்டியா? அதுவும் சோடாவுலயா?"

"சோடாவுலதான்."

"எத்தனை கரண்டி?"

"ரெண்டு."

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. முப்பத்தெட்டு வருஷம் அவர் திருப்பி அனுப்பிய தட்டுகளின் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். "ரெண்டாம் தரம்!" என்று ஒருவர் கத்தினார். "உடைச்சுப் போடு!" என்றார் இன்னொருவர். அது மெர்லின் பழைய வார்த்தை, மெர்லின் பழைய தொனி. மெர்ல் கூஜாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். கழுத்திலிருந்து நெற்றி வரை செங்கல்லாகச் சிவந்திருந்தது. உட்கார வேண்டும் போலிருந்தது. உட்காரவில்லை.

அப்போது ஹேசல் டன்னிக்ளிஃப் இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார். "சிரிச்சாச்சா? இப்பக் கொஞ்சம் யோசிங்க. பொய் சொல்லணும்னா ஆயிரம் பொய் இருக்கு. கை தவறி உடைஞ்சுடுச்சுன்னு சொல்லலாம், எலி உருட்டிடுச்சுன்னு சொல்லலாம். இந்த ஊர்ல, இந்தக் கூட்டத்துக்கு முன்னாடி, தரம் பார்க்கற மெர்ல் ஹாக்கெட், நான் சுடாத தங்கத்தைக் கழுவினேன்னு வேணும்னே சொல்லுவானா? அதுக்கு அவன் செத்தே போயிடுவான்."

சிரிப்பு நின்றது. லீராய் மெதுவாக உட்கார்ந்தார். "அது வாஸ்தவம்," என்றார், பக்கத்திலிருந்தவரிடம். அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலும் சிரிப்பு போன வழியிலேயே வரிசை வரிசையாகப் போயிற்று. சூளைப் பிரிவுக்காரர்கள் நாலைந்து பேர் எழுந்து ஃப்ராங்க் நின்ற மூலைக்குப் போனார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். திருமதி செஃப்டன் கைப்பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தார். க்வென் அவரைக் காப்பி இருந்த பக்கம் அழைத்துப் போனார்.

கூட்டம் கொஞ்சம் கலைந்தபின் ஃப்ராங்க் முன்னால் வந்தார். கூடவே ரோசலி, கழுத்தில் காமிராவுடன். மெர்ல் கூஜாவை நீட்டினார். ஃப்ராங்க் இந்தத் தடவை வாங்கிக்கொண்டார். மெர்லின் வலது கை காலியானது. அது தானாகவே கொஞ்சம் முன்னால் போனது.

ஃப்ராங்க் அதைப் பார்த்தார். "கூஜாவ நீ தெரியாம கழுவினே. அத நான் விட்டுடுவேன்," என்றார். "சாப்பாட்டு ரூம்ல சொன்னது தெரியாம சொன்னதில்ல. நான் பக்கத்துல இருந்தேன். நானும் எந்திரிச்சு ஒரு வார்த்தை கேக்கல. சிரிச்சும் தொலைச்சேன், கொஞ்சம். அதனால கை கொடுக்க எனக்கு நாளாகும், மெர்ல். உனக்கும் எனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

"சரி, ஃப்ராங்க்."

"அப்பா, மலர்ல போட ஒரு படம் எடுத்துடலாம்," என்றாள் ரோசலி. சுற்றிலும் பார்த்தாள். அருகில் நின்றது மெர்ல் மட்டும்தான். அவள் ஒரு நொடி தயங்கி, காமிராவைக் கழற்றி அவரிடம் கொடுத்தாள். "இத அழுத்தினா போதும். நானும் அப்பாகூட நிக்கறேன்."

மெர்ல் கண்ணை வைத்துப் பார்த்தார். சின்னச் சதுரத்துக்குள் ஃப்ராங்க், ரோசலி, நடுவில் மொழுமொழுவென்று வெள்ளைக் கூஜா.

"மிஸ்டர் ஹாக்கெட், எழுத்து எந்தப் பக்கம் இருந்துச்சு?" என்று ரோசலி கேட்டாள். "எங்களுக்குத் தெரியாது."

இதைச் சொல்ல உலகத்தில் ஓர் ஆள்தான் இருந்தார். அவர் காமிராவை இறக்கினார்.

"கைப்பிடி உங்க பக்கம் வரணும், ரோசலி. இன்னும் கொஞ்சம் திருப்புங்க. இன்னும். ஆங், அங்கதான்."

ஃப்ராங்க் திருப்பி, அந்த வெறுமையின் கீழே உள்ளங்கையை வைத்துத் தாங்கிக்கொண்டார்.

"சிரிப்பா," என்றாள் ரோசலி.

ஃப்ராங்க் சிரிக்கவில்லை. காமிராவை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். மெர்ல் அழுத்தினார்.

"கை ஆடிடுச்சு," என்றார். "இன்னொண்ணு எடுக்கறேன்."